பரிவர்த்தனை மாணவனும் ஊவா மலைநாடும்

கல்வியின்பொருட்டுக் கடல் கடத்தல் நம் நாட்டவர்க்குப் புதியதன்று. ஆயினும், கடல் கடந்து கற்போர் யாவரும் பரிவர்த்தனை மாணவர் ஆகார். பரிவர்த்தனை என்பது ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல். பட்டம் பெறக் கருதி அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற் சேர்பவன் ஒரு வகையினன். தன் நாட்டு நிறுவனத்தின் மாணவனாகவே இருந்துகொண்டு, ஒரு பருவமோ ஓராண்டோ அயல்நாட்டிற் கற்று மீள்பவன் மற்றொரு வகையினன். பின்னவனையே பரிவர்த்தனை மாணவன் என்கிறோம். இங்கிருந்து ஒருவர் செல்ல, அங்கிருந்து ஒருவர் வருதலே இம்முறையின் இலக்கணமாகும். கட்டணத்தை அவன் பெரும்பாலும் தன் நிறுவனத்திற்கே செலுத்துவான். அங்குச் சித்தியெய்திய பாடங்கள் இங்குள்ள பட்டத்திற்குக் கணக்கிடப்பெறும்.

இத்தகைய உடன்படிக்கைகள் தோன்றுமுன்னரே, பரிவர்த்தனை என்னும் சொல்லின் முழுப்பொருளையும் தம் வாழ்க்கையிற் காட்டியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். 1853 ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த அவர், புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்றார். 1875 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். போட்டிப் பரீட்சை வாயிலாக அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே என்பது பலரும் அறிந்தது. ஆயின், நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது அவர் பெற்ற பதவியையன்று, அவர் கொடுத்ததையேயாம்.

கேம்பிரிட்ஜில் எட்வேட் காப்பென்ரர் என்னும் ஆங்கிலேயர் அவர்க்கு நண்பரானார். தாயகம் மீண்ட பின்னரும் அந்நட்பு தளரவில்லை. பகவத்கீதையின் மொழிபெயர்ப்பொன்றை அருணாசலம் தம் நண்பர்க்கு அளித்தார். அந்நூல் தம் எழுத்துக்கு ஊக்கமளித்தமையைக் காப்பென்ரர் பின்னாளில் நன்றியுடன் குறித்துள்ளார். 1890 இல் அவர் இலங்கைக்கு வந்து, அருணாசலத்தின் வாயிலாகத் தமிழ் ஞானி ஒருவரிடம் வேதாந்தங் கேட்டார். தாம் கண்டதையும் கேட்டதையும் 1892 இல் நூலாக வெளியிட்டார். அவர் எழுதிய பிறிதொரு நூலையே காந்தியடிகள் தமது ‘இந்திய சுயராச்சியம்’ என்னும் நூலின் இறுதியில், கற்கத்தக்க நூல்களுள் ஒன்றாகச் சேர்த்தார். ஆங்கிலக் கல்வி பெறச் சென்ற மாணவர் ஒருவர், ஆங்கிலேயர் ஒருவர்க்குக் கீழைத்தேய ஞானத்தின் வாயிலைத் திறந்துவிட்டார். பரிவர்த்தனை என்பது இதுவன்றோ?

அவர் பெற்ற கல்வியின் பயன் நம் மலைகளையும் எட்டியது. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவன் வேலைக்கு வாராமையும் சொல்லாமற் செல்லுதலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாயிருந்தன. கடனைத் துண்டிலெழுதி, அத்துண்டோடு தொழிலாளியையும் ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்கு மாற்றும் துண்டுமுறையும் நிலவியது. ஓய்வு பெற்ற பின்னர் அருணாசலம் 1919 இல் தொழிலாளர் சேமநலச் சங்கத்தைத் தோற்றுவித்து, இக்கொடுமைகளை எதிர்த்து வாதிட்டார். 1921 இல் துண்டுமுறை ஒழிந்தது. அதனையடுத்துத் தொழிலாளரைச் சிறையிடும் விதிகளும் நீங்கின. கேம்பிரிட்ஜிற் கற்றவரின் குரல், பெரட்டுக்களத்தில் நின்றவரின் பொருட்டு ஒலித்தது. 1924 இல் அவர் மறைந்தார்.

இனி, நம்மவர்க்கு அவ்வாயில் எவ்வாறு இருந்தது என்பதை நோக்குவோம். இரண்டாம் உலகப்போரின் பின்னர், நாடுகள் தம் இளைஞரை ஒன்றிடமொன்று அனுப்பினாற் பகைமை தணியும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1952 இல் அமெரிக்காவின் புல்பிறைற் திட்டம் இலங்கைக்கு வந்தது. 1954 இல் யப்பானிய அரசு அயல்நாட்டு மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்கத் தொடங்கியது. 1959 இல் ஒக்ஸ்போட் மாநாட்டிற் பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் வகுக்கப்பட்டது. வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்த காலம் அது.

அதே காலத்தில் மலைநாட்டு மாணவனுக்குத் தன் வீட்டு வாயிலே அடைபட்டிருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. பிரசாவுரிமை இல்லாதவனுக்கு நாட்டின் கடவுச்சீட்டு ஏது? திறமை இருந்தது, பரீட்சையிற் சித்தியும் இருந்தது, எந்நாட்டான் என்ற வினாவுக்கு விடை மட்டும் இல்லை. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இன் ஒப்பந்தம் இரு நாட்டுக்கும் பாதி பாதியாக்கியது. 2003 ஆம் ஆண்டின் சட்டமே இந்நெடுங்கதைக்கு முடிவு கண்டது. நம் பாட்டனார்க்கும் தந்தையார்க்கும் மறுக்கப்பட்ட கடவுச்சீட்டை இன்று நம் மாணவர் கையிற் பெறுகின்றனர். அதனை வெறுந்தாளென்று கருதுதல் தகாது.

ஆதலின், செல்லும் மாணவன் ஆயத்தத்துடன் செல்லவேண்டும். முதலாவது, அங்குக் கற்கவிருக்கும் பாடங்கள் இங்குக் கணக்கிற் கொள்ளப்படுமா என்பதை எழுத்து மூலம் உறுதி செய்க. இரண்டாவது, உதவிப்பணம் எவற்றுக்கெல்லாம் போதும், எதற்குப் போதாது என்பதைப் புறப்படுமுன்னரே கணக்கிடுக. மூன்றாவது, மீண்டு வந்து பணியாற்றவேண்டுமென்ற பிணைமுறி உளதாயின், கையொப்பமிடுமுன் அதனைப் பெற்றோருடன் அமர்ந்து வாசிக்க. நான்காவது, அந்நாட்டு மொழியிற் சில நூறு சொற்களையேனும் கற்க. பண்டாரவளையிற் பிறந்தவர்க்குக் குளிர் ஒரு பொருட்டன்று என இறுமாத்தலும் வேண்டா. நம் குளிர் கம்பளியோடு தீர்வது. நம் பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவினது. வடநாடுகளின் மாரியிலோ பிற்பகலிலேயே இருள் சூழும். அவ்விருள் உடலைவிட உள்ளத்தையே முதலில் வாட்டுமாதலின், தோழரை நாடிச் சேர்தல் நன்று.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. அயல்நாட்டார் நம்மிடம் கேட்கும் முதல் வினா நம் ஊரைப் பற்றியதாகவே இருக்கும். பண்டாரவளையினின்று வருகிறேன் என்றதும் தேயிலையைப் பற்றியே கேட்பர். கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்கவிடப்பட்டு, உலர்த்தப்பட்டுத் தேயிலையாதலை நம் மாணவருள் எத்துணைபேர் விளக்கவல்லர்? ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஊட்டுகிறது என்பதை எத்துணைபேர் அறிவர்? காமன் கூத்து நம் தோட்டங்களில் ஏன் ஆடப்படுகிறது, லயத்து வாழ்க்கை எத்தகையது, நம் மூதாதையர் எவ்வழியாக இங்கு வந்தனர் என்பவற்றைத் தன் பாட்டியிடம் கேட்டறியாதவன், தூரதேசத்தில் எதனைக் கொடுப்பான்? கொடுக்க ஒன்றுமில்லாதவன் செய்வது பரிவர்த்தனையன்று, இரவலேயாம்.

பழைய மாணவராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. கடவுச்சீட்டுக்கும் மொழிப் பரீட்சைக்கும் விண்ணப்பத்திற்கும் ஆகும் செலவு, தோட்டத்து நாட்சம்பளத்திற் பிழைக்கும் குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. அச்செலவுக்கென ஒரு சிறுநிதி வகுத்தல் நம்மால் இயலாததன்று. அயல்நாட்டிற் கற்று மீண்டவர் ஆண்டுக்கொரு முறையேனும் கல்லூரிக்கு வந்து, மேல்வகுப்பு மாணவரோடு அளவளாவுதலும் வேண்டும். அங்கிருந்து வரும் மாணவர்க்கு நம் இல்லங்களில் இடமளித்தலும் நம் கடனே. 2005 இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையில் நிறுவப்பட்டமையால், வருவோர்க்கும் இம்மாகாணத்திற் கற்றற்கு இடமுண்டு.

மீளாது அங்கேயே தங்கிவிடுவோரை நாம் இகழ வேண்டியதில்லை. வாழ்வு ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு வழி காட்டும். எங்கிருப்பினும் கணக்கு ஒன்றே: பெற்றதற்கு ஈடாக இம்மலைநாட்டிற்கு யாது கொடுத்தோம்? இவ்விழாவாண்டிற் கல்லூரியை விட்டுப் புறப்படும் மாணவர்கள் அவ்வினாவைத் தம் பெட்டியோடு உடன்கொண்டு செல்வார்களாக.