காற்புள்ளியும் கூலிப் பட்டியலும்

பேரேட்டில் எழுத்து சற்றுப் பிசகினாலும் கணக்கர் இடமறிந்து பொருள் கொள்வார். கணிப்பொறிக்கு அந்த விவேகம் இல்லை. கொடுத்த குறியை அது தனக்கு விதித்தபடியே கொள்ளும். ஆகவே கூலிப் பட்டியல், அங்கத்தினர் ஜாபிதா, சேலையில் ஒட்டும் விலைச்சீட்டு ஆகியவற்றைக் கணிப்பொறியில் தயாரிக்கும் சங்கங்கள் சில குறிகளின் தன்மையை அறிந்திருத்தல் அவசியம். அறியாவிடில் நஷ்டம் நெய்தவருக்கே.

காற்புள்ளி

சி.எஸ்.வி. என்னும் கோப்பில் ஒரு வரி ஓர் அங்கத்தினருக்கு உரியது. எண், பெயர், முகவரி, கூலி ஆகியவற்றுக்கு இடையே காற்புள்ளியே வேலி. இவ்வரியை நோக்குக:

0147,இந்திராணி,12, மேலத் தெரு,1,250

நமக்கு இதில் செய்திகள் நான்கு, இயந்திரத்திற்கோ ஆறு. கூலிக்குரிய நான்காம் கட்டத்தில் தெருவின் பெயர் வந்து நிற்கும். கூலி இரண்டாகப் பிளந்து அடுத்த கட்டங்களில் விழும். இதற்குப் பரிகாரம், 2005இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணத்தில் கூறப்பட்டுள்ளது. காற்புள்ளி, இரட்டை மேற்கோள், வரி முறிவு ஆகியவற்றைக் கொண்ட செய்தியை இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும்:

0147,இந்திராணி,"12, மேலத் தெரு","1,250"

செய்திக்குள்ளேயே மேற்கோள் குறி வருமாயின் அதை இருமுறை இடவேண்டும். துணியின் அகலத்தை 48" என எழுதுவோர் இதைக் கவனிக்க. '48 அங்குலம்' என எழுதிவிட்டால் தொல்லையே இல்லை. தொகையையும் கோப்பில் 1250 என்றே வைத்து, அச்சிடும்போது காற்புள்ளி சேர்ப்பது உத்தமம்.

பழைய எழுத்துருக்கள்

பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலும் குறிகளின் இடங்களிலும் குடியிருக்கின்றன. பாமினியில் 'இ' இருப்பது காற்புள்ளியின் இடத்தில். மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். ஆகவே இந்திராணி என்னும் பெயரின் முதலெழுத்தையே இயந்திரம் வேலியாகக் கொள்ளும். கோப்பைச் 'சுத்தம்' செய்வதாக எண்ணிக் காற்புள்ளிகளை எல்லாம் நீக்கினால், 'இ' என்னும் எழுத்தே ஜாபிதாவிலிருந்து மறைந்துவிடும். முதலில் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றி, அதன்பின்னரே சி.எஸ்.வி. கோப்பாக்குதல் முறை.

பெயரின் நீளம்

யூனிகோடில் தமிழுக்குத் தனி இடங்கள் உண்டு. யு.டி.எஃப்.-8 முறையில் அவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். இந்திராணி என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் இயந்திரத்திற்கு ஒன்பது குறி, 27 பைட். பெயருக்கு 20 பைட் மட்டுமே ஒதுக்கிய செயலியில் 'இந்திர' வரை நின்று, அதன்பின் ஒரு குறி பாதியில் அறுபடும். அத்தகைய பெயர் வங்கிக் கணக்கிலுள்ள பெயரோடு ஒவ்வாது.

ஒரே தோற்றம், இரு வடிவம்

'சௌ' என்பதில் ஔகாரக் குறி இடுவதற்குப் பதிலாக எகரக் குறியையும் 'ள' என்னும் எழுத்தையும் சேர்த்து அடிப்பவர் உண்டு. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. இயந்திரமோ ஒருவரை இருவராகக் காணும். ஒரே அங்கத்தினர் எண்ணில் இரு பெயர் தோன்றினால் இதை முதலில் ஆராய்க.

அனுப்புமுன் செய்ய வேண்டுவன

1. கோப்பை யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கவும்.

2. அங்கத்தினர் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் 'எழுத்து' வகையாகவே வைக்கவும்; இல்லையேல் 0147 என்பது 147 ஆகும்.

3. ₹ குறி யூனிகோடில் சேர்ந்தது 2010இல். அதை அறியாத அச்சுப்பொறி வெறுங்கட்டம் இடும், அங்கே 'ரூ.' என எழுதுக.

4. வரிகளின் எண்ணிக்கையையும் கூலியின் மொத்தத்தையும் பேரேட்டோடு ஒப்பிடவும். ஒரு விலைச்சீட்டை அச்சிட்டுப் பார்த்த பின்னரே எஞ்சியவற்றை அச்சிடவும்.

இயந்திரத்திற்கு இசைவாக இருக்கட்டும் என்று அங்கத்தினரின் பெயரைக் குறைப்பதும் திரிப்பதும் தகாது. அவர் கையொப்பமிடும் பெயரே கோப்பிலும் இருக்க வேண்டும். காரியதரிசிகள் அடுத்த கூலிப் பட்டியல் அனுப்புமுன் இம்முறையில் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்களாக.