முதியோர் இல்லத்தில் பூச்சி ஒழிப்பு – மருந்துக்கு முன்னால் சிமெண்ட்!
(இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு)

ஹாஸ்டல் மெஸ் சாம்பாரில் கரப்பான் மிதந்தால் நாம் என்ன செய்வோம்? எடுத்துப் போட்டுவிட்டு, வார்டனை நாலு திட்டு திட்டிவிட்டு, சாப்பிட்டு முடிப்போம். (பொய் சொல்ல வேண்டாம், முடிப்போம்!) அறைக்கு மருந்து அடித்தால் அன்றைக்கு சினிமாவுக்குப் போய்விடுவோம். ஆனால் எழுந்து வெளியே போகவே முடியாதவர்கள் இருக்கிற கட்டடத்தில் என்ன செய்வது?

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. போன வேலை சுவருக்கு வெள்ளையடிப்பது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஓர் ஆள் வந்து எல்லா அறையிலும் மருந்து அடித்திருந்தார். படுத்த படுக்கையாக இருந்தவர்களைக் கட்டிலோடு வராந்தாவுக்குத் தள்ளி, ஒரு மணி நேரத்தில் திரும்பவும் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ள ஒரு பாட்டிக்கு ராத்திரி முழுக்க இழுப்பு. "கரப்பானே பரவாயில்ல தம்பி, அது மூச்சை அடைக்காது" என்றார். பாட்டி சொன்னதில் பாதிதான் சரி. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும்கூட ஆஸ்துமாவைத் தூண்டும். ஆக, பூச்சியும் போக வேண்டும், மருந்துப் புகையும் கூடாது. அன்று ராத்திரி சமையலறை விளக்கைப் போட்டால், மருந்து அடித்து மூன்றாம் நாள், கரப்பான்கள் ஜாம் ஜாமென்று ஓடுகின்றன!

ஏன்? சர்வே எடுக்காமல் பிளான் போட்டதுதான் காரணம். கரப்பானில் நமக்கு முக்கியமானவை இரண்டு வகை. சின்னது ஜெர்மன் கரப்பான், ஒன்றரை செ.மீ. கூட இருக்காது, கழுத்துப் பட்டையில் இரண்டு கருங்கோடு. ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரிக் கீல், ஸ்விட்ச் பெட்டி இவைதான் அதன் வீடு. பெண் பூச்சி 30, 40 முட்டை உள்ள கூட்டை, பொரிக்கும் நேரம் வரை வயிற்றின் பின்நுனியில் சுமந்துகொண்டே திரியும். மருந்து அந்தக் கூட்டுக்குள் சரியாக இறங்காது. அதோடு பைரித்ராய்டு வகை மருந்தின் நெடி பட்டால் இவை சாவதற்கு முன் பக்கத்து அறைக்குக் குடிபோய்விடும். நாம் ஒழித்தது போல இருக்கும், பரப்பியிருப்போம்.

பெரியது அமெரிக்கக் கரப்பான், கிட்டத்தட்ட 4 செ.மீ. இது சாக்கடைவாசி. இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. சானிட்டரி இன்ஜினியரிங்கில் நஹானி டிராப் படம் போட்டு மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் நிற்கும் 50 மி.மீ. தண்ணீர்தான் சாக்கடைக்கும் அறைக்கும் நடுவே உள்ள ஒரே கதவு. முதியோர் இல்லத்தில் பல குளியலறைகள் புழக்கத்தில் இருக்காது. நடக்க முடியாதவருக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், கதவு திறந்துகொள்ளும். வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும், செலவு ஒன்றுமில்லை! குழாய் சுவருக்குள் நுழையும் இடத்துச் சந்தையும் பூச வேண்டும். இந்தப் பெரிய கரப்பானே 3 மி.மீ. இடுக்கில் நுழைந்துவிடும் என்று 2016இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதும் பூச்சி ஒழிப்புதான். சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும் ஜெர்மன் கரப்பான், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது.

சர்வே என்றேனே, அதற்கு ஒட்டுப்பொறி அட்டை. அறைக்கு ஒன்று வைத்து, காலையில் எதில் எத்தனை என்று கட்டட பிளானில் குறித்தாலே கூடு எங்கே என்று தெரிந்துவிடும். அங்கே மட்டும் ஜெல். ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோப்ரிட் உள்ள ஜெல்லைக் கடுகளவு, கீலுக்குள், யார் கையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தின்ற கரப்பானின் எச்சத்தைத் தின்று மற்றதும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் இரண்டும் வீண்.

நம் வீட்டு வைத்தியங்கள் இங்கே ஆபத்து. போரிக் ஆசிடும் சர்க்கரையும் கோதுமை மாவில் பிசைந்து உருட்டி வைப்போமே, ஞாபக மறதி உள்ள தாத்தாவுக்கு அது லட்டு. பூச்சி சாக்பீஸும் அப்படித்தான், பார்த்தால் பள்ளிக்கூட சாக்பீஸ். டைக்குளோர்வாஸ் மருந்துக்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. ஆனாலும் பழைய பாட்டில் எந்த ஸ்டோர் ரூமிலாவது கிடக்கலாம். அது ஆர்கனோ பாஸ்பரஸ் வகை, நரம்பில் உள்ள அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும். ஞாபக மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் மாத்திரை வேலை செய்வதும் அதே நொதியைத் தடுத்துத்தான். மாத்திரை சாப்பிடுகிறவர் அறையிலேயே அந்த மருந்தையும் அடித்தால் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். மருந்து அடிக்கிற ஆளுக்கு இது தெரிய நியாயமில்லை. அதனால் நர்ஸிடம் கேட்காமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

மூட்டைப்பூச்சிக்கு வேறு கணக்கு. டிடிடிக்கே மசியாத மூட்டைப்பூச்சியை 1947லேயே ஹவாயில் பார்த்துவிட்டார்கள். அதற்கு எமன் சூடுதான், 50 டிகிரி சூடு முட்டை வரை கொன்றுவிடும். உறை, போர்வையை 60 டிகிரி வெந்நீரில் ஊற வைத்துத் துவைக்கலாம். மெத்தையை வெயிலில் போட்டால் மேல்பக்கம்தான் சுடும், பூச்சி அடிப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். இரும்புக் கட்டிலில் கால் குழாயின் திறந்த வாய்தான் அதன் கோட்டை. கட்டிலை வெளியே கொண்டுவந்து கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் எம்-சீல் வைத்து அடைத்தோம். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், தீப்பிடித்தால் அங்கே யார் ஓடுவார்கள்?

பல பேருக்கு ஒரே நேரத்தில் ராத்திரி அரிப்பு என்றால் சிரங்காகவும் இருக்கலாம். அது பூச்சியே அல்ல, தோலுக்குள் இருக்கும் சிற்றுண்ணி. டாக்டரைக் கூப்பிடுங்கள். கொசுவுக்கு செப்டிக் டேங்க் வென்ட் குழாய் வாயில் வலை கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பிளானில் ஒரு இடம் மட்டும் எங்களுக்குப் புரியவில்லை. குழாயே இல்லாத ஓர் அறை, ஆனால் பொறி நிறையக் கரப்பான். கடைசியில் அந்த இழுப்பு பாட்டியின் தலையணைக்கு அடியில் பிஸ்கட்! மேட்ரன் அம்மா பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார், பாட்டி இடத்தை மாற்றி மாற்றி ஒளித்திருக்கிறார். நாங்கள் ஒரு திருகுமூடி டப்பா வாங்கிக் கொடுத்தோம். "திறக்க விரல் வரல தம்பி" என்றார். பிஸ்கட் மறுபடி தலையணைக்கே போய்விட்டது. அடுத்த வாரம் லேசாக அழுத்தினால் திறக்கிற டப்பா தேடி வாங்கிப் போனோம். அதற்கப்புறம் அந்தக் கட்டில் பக்கத்துப் பொறியில் எறும்பு மட்டும்தான்.