கடனாளி வெட்டிய சுரங்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய செய்தியை உன் அம்மாவிடம் காட்டவில்லை. மூன்றாம் ஆண்டோடு ஆர்க்கிடெக்சரை விட்டுவிட்டு, ஆறே மாதத்தில் முடிகிற ஏதாவது கோர்ஸ் சேர்ந்து சம்பாதிக்கப் போவதாக எழுதியிருந்தாய். அதைக்கூட உட்கார்ந்து பேசலாம். "கட்டட வேலையே நம்ம குடும்பத்துக்கு ஆகாது மாமா" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

உன் அப்பாவின் கான்ட்ராக்ட் பில் நின்றுபோனதும், சிமென்ட் கடைக்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டதும், உன் அம்மாவின் நகை அடகுக்குப் போனதும் எனக்குத் தெரியும். உன் அப்பா கட்டிய எதிலும் விரிசல் இல்லை என்பதும் தெரியும். இந்த இரண்டையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். அதனால் கடனாளியாக இருந்த ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்கிறேன்.

புருனெல் என்ற பெயரை உங்கள் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். உயரமான தொப்பியும் வாயில் சுருட்டுமாக, ராட்சத இரும்புச் சங்கிலிக்கு முன்னால் நிற்கிற ஆளின் படத்தையும் பார்த்திருப்பாய். அது மகன், இசம்பார்ட். நான் சொல்ல வருவது அப்பா மார்க்கைப் பற்றி. மகனுடைய புகழில் மறைந்துபோனவர். எனக்கு மகனைவிட அவரைத்தான் பிடிக்கும்.

1769-ல் பிரான்சில், நார்மண்டிப் பகுதியின் ஹாக்வில் கிராமத்தில் வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மூத்தவனுக்கு நிலம், இளையவனுக்குத் தேவாலயம் என்பது அந்த ஊர் வழக்கம். இவர் இளையவர். பாதிரியார் ஆகட்டும் என்று ரூவான் நகரத்துக் குருமடத்தில் விட்டார்கள். பையனுக்கோ ஆற்றுத்துறையில் நிற்கும் கப்பல்களை வரைவதில்தான் நாட்டம். குருமடத் தலைவர் நல்ல மனிதர் போலிருக்கிறது, தச்சு வேலை பழக அனுமதித்தார். பிறகு ஆறு வருடம் கடற்படை. திரும்பி வந்தால் நாடே புரட்சியில் கொதிக்கிறது. மன்னருக்கு ஆதரவாகப் பேசாமல் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை. 1793-ல் உயிர் பிழைக்க நியூயார்க்குக்குக் கப்பலேறினார்.

அதற்குள் ரூவானில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார். பிரெஞ்சு படிக்க வந்திருந்த ஆங்கிலேயப் பெண், சோபியா கிங்டம். எதிரி நாட்டுக்காரி என்று அவளைப் பிடித்து, கிராவ்லீன் என்ற ஊரின் கன்னிமாடத்தில் கைதியாக வைத்தார்கள். புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் வீழ்ந்த பிறகுதான் வெளியே வந்தாள். இவர் அமெரிக்காவில் நிலம் அளந்தார், நியூயார்க் நகரத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். வாஷிங்டனில் எழவிருந்த நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் ஒரு பிளான் போட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பொறியாளர் வேறு, ஆர்க்கிடெக்ட் வேறு என்று அன்றைக்கு யாரும் கோடு கிழித்துக்கொள்ளவில்லை, வரையத் தெரிந்தவன் எல்லாம் செய்தான். 1799-ல் இங்கிலாந்து வந்து இறங்கினார். அதே வருடம் நவம்பரில் கல்யாணம். ஆறு வருடம் இரண்டு பேரும் காத்திருந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்துக்கு அவர் கொண்டுவந்தது ஒரு யோசனையை. பாய்மரக் கப்பலின் கயிறுகள் ஓடுவதற்கு மரக் கப்பிகள் வேண்டும், பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கே சுமார் ஆயிரம். வருடத்துக்கு லட்சம் கப்பியை ஆட்கள் கையால் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். மார்க் எந்திரங்களை வரைந்தார், ஹென்றி மாட்ஸ்லே என்ற அபாரமான பட்டறைக்காரர் அவற்றை இரும்பில் செய்தார். போர்ட்ஸ்மவுத் கப்பல்துறையில் 45 எந்திரங்கள். 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள், 1808-ல் ஒரே வருடத்தில் 1,30,000 கப்பி. ஒரே பொருளை எந்திர வரிசையில் ஆயிரக்கணக்கில் செய்வது உலகத்தில் அங்கேதான் முதன்முதலில் பெரிய அளவில் நடந்தது என்று சொல்வார்கள்.

பணம் வந்ததா? அங்கேயும் நம் ஊர் கதைதான். கைக்காசைப் போட்டு வேலையை முடித்துவிட்டு, மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டு, அலைந்து திரிந்து சுமார் 17,000 பவுண்டு வாங்கினார். அதோடு தெளிந்திருக்கலாம். தெளியவில்லை. படைவீரர்களின் பூட்ஸ் பிய்ந்துபோவதைப் பார்த்துவிட்டு, ஊனமுற்ற வீரர்களையே வேலைக்கு வைத்து எந்திரத்தில் பூட்ஸ் தைக்கும் தொழிற்சாலை தொடங்கினார். நல்ல பூட்ஸ். அரசாங்கம் எவ்வளவு தைத்தாலும் எடுத்துக்கொள்ளும் என்று நம்பித் தைத்துக்கொண்டே போனார். 1815-ல் வாட்டர்லூ போரோடு சண்டை முடிந்தது, பூட்ஸ் கிடங்கில் குவிந்தது. அதற்கு முந்தின வருடமே பாட்டர்சியில் இருந்த அவருடைய மர அறுவை ஆலை எரிந்து போயிருந்தது. கணக்கைப் பார்த்துக்கொண்ட கூட்டாளிகளும் சரியில்லை. 1821-ல் அவருடைய வங்கியும் மூழ்க, கடன்காரர்களுக்கான சிறைக்குப் போனார். அப்போது வயது 52. சோபியாவும் கூடவே போய்ச் சிறையில் இருந்தாள்.

நீ கவனிக்க வேண்டிய இடம் இதுதான் கண்ணு. உள்ளே போனவர் ரஷ்யச் சக்கரவர்த்திக்குக் கடிதம் எழுதினார், அங்கே வேலைக்கு வரத் தயார் என்று. அந்தச் செய்தி லண்டனில் பரவும்படியும் பார்த்துக்கொண்டார். இப்படிப்பட்ட மூளை ரஷ்யாவுக்குப் போவதா என்று வெலிங்டன் பிரபு உள்படப் பலர் குரல் கொடுக்க, நாட்டை விட்டுப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு அரசாங்கம் 5,000 பவுண்டு கொடுத்துக் கடனை அடைத்தது. கெஞ்சிக் கேட்டபோது வராத பணம், ஆள் கைநழுவப் போகிறான் என்றதும் வந்தது. கணக்கில் ஏமாளி, பேரத்தில் ஏமாளி இல்லை.

மகன் அப்போது பாரிசில் படித்துக்கொண்டிருந்தான். நாலு வயதில் அப்பாவிடம் வரையப் பழகியவன், எட்டு வயதுக்குள் யூக்ளிட் வடிவியல் கற்றவன். அப்பா ஜெயிலுக்குப் போய்விட்டார், இந்தத் தொழிலே வேண்டாம் என்று அந்தப் பதினைந்து வயதுப் பையன் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. 1822-ல் திரும்பி வந்து அப்பாவின் அலுவலகத்திலேயே உட்கார்ந்தான். அவனுக்கு மூத்த அக்கா இரண்டு பேர். அவர்களைப் பொறியியல் படிக்க யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. அதையும் சேர்த்து யோசி.

பிறகுதான் லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் அந்தச் சுரங்கம். கப்பல் மரத்தைக் குடைகிற புழு ஒன்று உண்டு. தலையில் இருக்கும் ஓடுகளால் குடையும், பின்னாலேயே துளையின் சுவரைப் பூசிக்கொண்டு போகும். மார்க் அதைப் பார்த்துவிட்டுத் தன் சுரங்கக் கேடயத்தை யோசித்ததாகச் சொல்வார்கள். பன்னிரண்டு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அறைகள், மொத்தம் 36 ஆட்கள். ஒவ்வொருவரும் எதிரே உள்ள பலகையில் ஒன்றை எடுத்து, சில அங்குலம் மண்ணைச் சுரண்டி, பலகையைத் திரும்ப முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். எல்லாரும் முடித்ததும் சட்டத்தைத் திருகுகளால் முன்னே தள்ளி, பின்னால் செங்கல் கட்டுவார்கள். சென்னை மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய எந்திரங்களின் பாட்டன் அதுதான்.

1825-ல் ராதர்ஹித்தில் தொடங்கியது. தேம்ஸின் அடிமண் சொன்னபடி கெட்டியாக இல்லை. லண்டனின் சாக்கடை முழுக்க அந்த ஆற்றில்தான், அது கசிந்து ஆட்கள் நோயில் விழுந்தார்கள், சாக்கடை வாயு தீப்பிடித்தது. 1827 மே மாதம் ஆறு உள்ளே பாய்ந்தது. களிமண் மூட்டைகளைக் கொட்டி அடைத்து, நீரை இறைத்து, அந்த நவம்பரில் மகன் சுரங்கத்துக்குள்ளேயே பெரிய மனிதர்களுக்கு விருந்து வைத்தான். ஊருக்கு நம்பிக்கை வரட்டுமாம். எனக்கு அந்த விருந்து பிடிக்கவே இல்லை. இரண்டு மாதத்தில், 1828 ஜனவரி 12-ல் மறுபடி வெள்ளம், ஆறு பேர் செத்தார்கள். மகன் மயிரிழையில் தப்பினான். அவன் பிழைத்ததைச் சொல்கிற புத்தகங்கள் அந்த ஆறு பேரைத் தாண்டிப் போய்விடுகின்றன. சைட்டில் நிற்கப் போகிறவள் நீ, தாண்டிப் போகாதே.

பணம் தீர்ந்தது. சுரங்கத்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், அது ஏழு வருடம் சும்மா கிடந்தது. மகன் வேறு வேலைகளுக்குப் போய்ப் பெயர் வாங்கினான். கிளிஃப்டனில் அவன் தொங்குபாலம் வரைந்தபோது நடுவில் ஒரு தூண் வை என்றார் அப்பா. அவன் கேட்கவில்லை, அவன்தான் சரி. இங்கே அப்பா அரசுக் கடன் வாங்கி, புதிய கேடயம் செய்து, மறுபடி இறங்கி, 1843 மார்ச் 25-ல் திறந்துவைத்தார். சுமார் 400 மீட்டர். ஆற்றுக்கு அடியில் மனிதன் நடந்துபோன முதல் பெரிய சுரங்கம். வண்டிகள் இறங்கச் சரிவுப்பாதை கட்டப் பணம் இல்லாததால், ஒரு பென்னி வாங்கிக்கொண்டு நடக்கத்தான் விட முடிந்தது. முதலீடு செய்தவர்களுக்கு லாபம் என்று ஒன்றும் இல்லை. 1869-லிருந்து அதில் ரயில் ஓடுகிறது, இன்றைக்கும் ஓடுகிறது. மார்க் 1849-ல் இறந்தார். பத்து வருடம் கழித்து மகனையும் அதே கல்லறையில் வைத்தார்கள்.

மார்க் தோற்றது வரைபலகையில் இல்லை, கணக்குப் புத்தகத்தில். உன் அப்பாவும் அப்படியே. கூடுதல் வேலையை "செஞ்சு குடுங்க, பார்த்துக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிச் செய்தார், எழுத்தில் வாங்கவில்லை. இதைக் கல்லூரியில் உனக்குச் சொல்லித்தர மாட்டார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும், அவர் செய்யாமல் விட்டதையும் சேர்த்து.

செமஸ்டர் லீவுக்கு வரும்போது இரண்டு வாரம் ஒதுக்கிக்கொண்டு வா. அப்பாவின் ஒர்க் ஆர்டர், எஸ்டிமேட், எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தின் நகல்கள் எல்லாம் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. தேதி வாரியாக அடுக்கி, எந்த வேலைக்கு எவ்வளவு நிலுவை என்று பட்டியல் போடு, அளவுகளை அப்பாவிடமே கேள். மனு எழுத நான் உதவுகிறேன். மனு வாங்குகிற மேஜைக்கு அந்தப் பக்கம் முப்பது வருடம் உட்கார்ந்தவன், எந்தக் காகிதம் எங்கே தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த செமஸ்டர் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன். உன் அத்தையிடமும் பேசிவிட்டேன். தானம் இல்லை, கடன். வட்டி கிடையாது, முதல் சம்பளம் வந்ததிலிருந்து மாதத் தவணை. தொகையும் தேதியும் போட்டு ஒரு தாளில் கையெழுத்திட்டு அனுப்பு, அது வந்த பிறகுதான் பணம் போடுவேன்.

அன்புடன்,
மாமா