சாமந்தர் மன்னரான கதை

குப்தப் பேரரசு 6ஆம் நூற்றாண்டில் வீழ்ச்சியடைந்த பின்னர் இந்தியாவில் பல புதிய இராச்சியங்கள் தோன்றின. அவற்றை நிறுவியோரில் பலர் பழைய மன்னர்களுக்குக் கீழ்ப்பட்டிருந்த சாமந்தர்களே.

சாமந்தர் என்போர் பேரரசனுக்குத் திறை செலுத்தி, போர்க்காலத்தில் படை அனுப்பிய சிற்றரசர்கள். ஆயினும் தத்தமது பகுதியின் வரியும் படையும் அவர்கள் கையிலேயே இருந்தன. பேரரசன் தளரும்போது அவர்கள் தலை நிமிர்வது இயல்பேயன்றோ?

இதற்கு இராஷ்டிரகூடர் சிறந்த உதாரணமாவர். தக்காணத்தில் சாளுக்கியரின் சாமந்தனாயிருந்த தந்திதுர்க்கன் 753ஆம் ஆண்டளவில் இரண்டாம் கீர்த்திவர்மனைத் தோற்கடித்தான். வாளால் பெற்ற அரசுக்கு மதிப்பும் வேண்டுமல்லவா? எனவே 'இரணியகர்ப்பம்' என்னும் சடங்கைச் செய்தான். அதைச் செய்தவன் சத்திரியனாகப் புதிதாய்ப் பிறந்தவனாகக் கருதப்பட்டான்.

அவன் மரபினர் எல்லோராவில் மலையைக் குடைந்து கைலாசநாதர் கோயிலை அமைத்தனர். பின்னர் மான்யகேதத்தைத் தலைநகராக்கினர். அரபு எழுத்தாளர்கள் இம்மன்னர்களைப் 'பல்ஹரா' என அழைத்தனர். அவர்களது நாட்டில் முஸ்லிம்கள் மதிக்கப்பட்டதையும் பள்ளிவாசல்கள் இருந்ததையும் அல் மஸ்ஊதி குறிப்பிட்டுள்ளார்.

இத்தகைய பேரரசையும் 973இல் வீழ்த்தியவன் ஒரு சாமந்தனே. அவன் பெயர் இரண்டாம் தைலபன். கல்யாணிச் சாளுக்கியர் ஆட்சி அவனுடன் தொடங்கியது. இராஷ்டிரகூடர் ஏறிவந்த வழியாலேயே மற்றொருவனும் ஏறிவந்தான்.

ஆகவே தோழியரே, ஓர் அரசின் வீழ்ச்சிக்கு "மன்னன் பலவீனமானவன்" என்று மட்டும் விடை எழுதிவிடாதீர்கள். வரியும் படையும் எவர் கையில் இருந்தன என்பதையும் கேட்டுப் பாருங்கள்.