முடிஞ்சா கொண்டை, விரிஞ்சா பரட்டை

'ஆஃப்ரோ'ன்னு ஒரு ஹேர்ஸ்டைல் கேள்விப்பட்டிருப்பீங்க. சுருட்டை முடியைப் படிய வாராம, தலையைச் சுத்தி உருண்டையா வளரவிடுறது. 1960-களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் அதைத் தங்கள் பெருமையின் அடையாளமாகவே வளர்த்தார்கள். இதைத் தமிழ்ல எப்படிச் சொல்வீங்க? ஹாஸ்டல்ல யாரைக் கேட்டாலும் வர்ற பதில்: பரட்டை.

அர்த்தம் கிட்டத்தட்ட சரிதான். ஆனா அது வசை. எண்ணெய் காணாத தலை, சீப்பு படாத தலை, உருப்படாத பய, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. நம்ம தேனி அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1977-ல் எடுத்த '16 வயதினிலே' படத்துல ரஜினிக்குப் பேரே பரட்டை. கமல் சப்பாணி. ரெண்டுமே உடம்பை வச்சு ஊர் போட்ட பேர். சப்பாணின்னு கூப்பிட்டா அறைஞ்சிடுன்னு மயில் சொல்லிக்கொடுப்பா. பரட்டைக்கு அப்படிச் சொல்லித்தர ஆள் இல்ல.

தமிழ்ல முடிக்குச் சொல் பஞ்சமே கிடையாது. கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, அளகம்னு அடுக்கிட்டே போகலாம். பெண்கள் கூந்தலை 'ஐம்பால்'னும் சொல்வார்கள், அதாவது ஐந்து வகை ஒப்பனை. உச்சியில் முடிந்தால் முடி, பக்கத்தில் முடிந்தால் கொண்டை, பின்னால் செருகினால் சுருள், சுருட்டி முடிந்தால் குழல், பின்னி விட்டால் பனிச்சை. கவனிச்சுப் பாருங்க, அஞ்சுமே ஒழுங்குபடுத்தின முடி. விரிஞ்சு நிக்கிற முடிக்கு அந்தப் பட்டியல்ல இடமே இல்ல. (இந்தக் கொண்டைதான் போடிமெட்டு ரோட்டுல கொண்டை ஊசி வளைவா நிக்குது. சிவில் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.)

அவிழ்ந்த முடிக்கு நம்மகிட்ட இருக்குறது 'தலைவிரி கோலம்'. துக்கம், கோபம், இல்லன்னா சாமியாட்டம். சிலப்பதிகாரத்துல கண்ணகி பாண்டியன் சபைக்குப் போறது விரிந்த கூந்தலோடதான். அந்தக் கண்ணகிக்குக் கூடலூர் பக்கம் பளியங்குடிக்கு மேல, கேரள எல்லையில மங்கலதேவி கோயில் இருக்கு. சித்ரா பௌர்ணமிக்கு வருஷத்துல ஒரு நாள்தான் மேல போக முடியும். கம்பம் பள்ளத்தாக்கே அன்னைக்கு மலையேறும். விரிச்ச தலையைக் கும்பிடவும் செய்றோம், பரட்டைன்னு திட்டவும் செய்றோம்.

அப்போ திட்டாம, கும்பிடாம, சும்மா 'அடர்ந்து பரந்த முடி'ன்னு மட்டும் சொல்ல ஒரு சொல் வேணும்ல? இருக்கு: பம்பை. பம்புதல்னா செறிதல், நெருங்கி இருத்தல். அதனால பம்பைத் தலைன்னா அடர்ந்த முடி உள்ள தலை. (சபரிமலைப் பம்பை வேற, மேளத்துல பம்பை வேற.) ஆஃப்ரோவுக்கு இதைவிடப் பொருத்தமா எனக்கு ஒண்ணும் தோணல. பரட்டையில முடியோட குறை தெரியுது, பம்பையில அளவு மட்டும் தெரியுது.

இப்ப யாரும் புழங்காத சொல்லாச்சே, எடுபடுமான்னு கேட்கலாம். சொல்லோட மதிப்பு ஒரே இடத்துல நிக்கிறதில்ல. 'மயிர்' இன்னைக்குக் கெட்ட வார்த்தை, வைவா ஹால்ல வாயில வந்தா முடிஞ்சது கதை. ஆனா திருவள்ளுவர் மானம்ங்கிற அதிகாரத்துலேயே, 964-லயும் 969-லயும், அதைக் கூச்சமே இல்லாம எழுதியிருக்கார். 'சடை'ன்னா சிவனோட பின்னிக்கிடந்த முடி. அதுவே ஜடையாகி, ரிப்பன் கட்டி, ஸ்கூலுக்குப் போச்சு. அதே சடை, சடை நாய்லயும் இருக்கு. மயிர் கீழே இறங்க முடிஞ்சதுன்னா பம்பை மேலே ஏறவும் முடியும்.

ஆனா இப்போதைக்கு சலூன்ல போய் "பம்பையா விட்ருங்கண்ணே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. "சைடைக் குறைச்சிட்டு மேல அப்படியே விட்ருங்கண்ணே"ன்னே சொல்லுங்க. இல்லன்னா மிலிட்டரி கட்டிங்கோட கிளாஸுக்கு வர வேண்டியிருக்கும்.