தொடை பெருத்த கிடாயும் மெல்ல முடியாத கறியும்

கேள்வி: நாங்கள் தலைமுறையாக மேச்சேரி ஆடு வளர்க்கிறோம். பின்தொடை புடைத்த வெளிநாட்டுச் செம்மறிக் கிடாயை வீடியோவில் பார்த்தேன். அந்த ரத்தத்தை நம் ஆடுகளில் சேர்த்தால் கறி கூடும் என்கிறார்கள். கூடுமா? கறியின் பதமும் பரம்பரையில் வருவதுதானா?

– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: கறி கூடும். ஆனால் அந்தக் கறியைத் தின்னப்போகிறவர் என்ன சொல்வார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நீங்கள் பார்த்தது 'கேலிபைஜ்' ஆடாக இருக்கலாம். 1983-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்த 'சாலிட் கோல்டு' என்ற டார்செட் கிடாயிடம்தான் இந்தக் குணம் முதலில் தென்பட்டது. 18-வது குரோமோசோமின் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறியதன் விளைவு இது. குட்டி சாதாரணமாகத்தான் பிறக்கும். மூன்று, நான்கு வாரம் போனதும் பின்பகுதி திரளத் தொடங்கும். சதை சுமார் 30 சதவீதம் அதிகம், கொழுப்பு குறைவு, தீவனமும் வீணாகாது. பண்ணைக்காரர்களுக்கு ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

வெட்டிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. முதுகுக்கறி ரப்பர் மாதிரி இருந்தது. ஆட்டை அறுத்த பின் தசையில் இருக்கும் கால்பெய்ன் என்ற நொதி நார்களை மெல்ல மெல்ல அறுத்து, கறியைப் பதமாக்கும். அதற்குக் கடிவாளம் போடும் புரதம் கால்பாஸ்டாட்டின். இந்த ஆடுகளின் முதுகுத்தசையில் அது அளவுக்கு மீறி இருக்கிறது. சதை பெருக உதவும் அதே சங்கதி, கறி இளகுவதையும் தடுத்துவிடுகிறது. இறைச்சிச் சந்தை இந்த ஆட்டை ஏற்காமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இனப்பெருக்கக் கணக்கு இன்னும் வேடிக்கை. இந்த மரபணு தகப்பன் வழியாக மட்டும் வந்தால்தான் தொடை பெருக்கும். தாய் வழியாக வந்தால் ஒன்றும் தெரியாது. இருவரிடமிருந்தும் வந்தாலும் ஆடு சாதாரணமாகவே இருக்கும். அப்படி இரட்டையாகப் பெற்ற ஒல்லிக் கிடாயைச் சாதாரணப் பெட்டைகளோடு சேர்த்தால் குட்டிகள் அத்தனையும் தொடை பெருத்தவை! பெருத்த கிடாயையும் பெருத்த பெட்டையையும் சேர்த்தாலோ, கால்வாசிக் குட்டிகள்தான் அப்படி வரும். கண்ணால் பார்த்துக் கிடாய் பொறுக்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது.

சதை பெருக்கும் மரபணு எல்லாமே இப்படிக் கெடுப்பதில்லை. டெக்செல் ஆடுகளில் தசை வளர்ச்சிக்குத் தடை போடும் மயோஸ்டாட்டின் மரபணு தளர்ந்திருப்பதை 2006-ல் கண்டறிந்தார்கள். அந்தக் கறி கேலிபைஜ் அளவுக்கு முரடாவதில்லை.

பதமும் பரம்பரைதான், ஆனால் முழுக்க அல்ல. தசைக்குள் ஊடாடும் கொழுப்பு ஓரளவு நன்றாகவே வம்சத்தில் இறங்கும். சாறும் ருசியும் பெருமளவு அதைப் பொறுத்தவை. கொழுப்பில்லாத கறியையே தேடித் தேடி இனம் பெருக்கினால், அதுவும் சேர்ந்து குறையும். மற்றபடி ஆட்டின் வயது, தீவனம், அறுக்கும் முன் அது மிரண்டதா என்பதெல்லாம் உண்டு.

நம் ஊரில் விடியற்காலை அறுத்த கறி மதியம் குழம்பாகிவிடுகிறது. குளிர்அறையில் நாள்கணக்கில் பதப்படுத்துவதில்லை என்பதால், நொதிக்கு வேலை செய்யவே நேரம் கிடைப்பதில்லை. அந்தக் குறையைக் குக்கரும் இளங்குட்டியும் சரிக்கட்டுகின்றன. உங்கள் மந்தைக்கு வெளிநாட்டு ரத்தம் வேண்டாம் என்பேன். குட்டிகளை மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எடை போட்டு எழுதி வையுங்கள். வேகமாக வளர்ந்தவற்றில், நல்ல தாயின் ஆண்குட்டியைக் கிடாய்க்கு நிறுத்துங்கள். சொந்த மந்தையில் ரத்தம் நெருங்கிவிட்டால், பொட்டனேரி மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் கிடாய் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.