எட்டுக்கோட்டு மீன் சொல்லும் செய்தி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

"சாப்பிட ஆகாத மீனை இன்னாத்துக்குக் கண்ணு படிக்கிற?"

விடுமுறையில் படவேட்டிற்குச் சென்றிருந்தபோது, என் குறிப்பேட்டில் வரைந்திருந்த மீனின் படத்தைப் பார்த்துவிட்டு என் தாயார் கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஜவ்வாது மலை அடிவாரத்து வாழைத்தோட்டங்களில் கூலிவேலை செய்து என்னைப் படிக்க வைக்கும் அவருக்கு அன்று சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலே இக்கட்டுரை.

பெயரும் உருவமும்

எங்கள் ஆய்வகத்தில் ஃபார்மலின் நிரம்பிய குடுவை ஒன்றில் இந்த மீன் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது இதன் உடல் வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். குடுவையில் அந்த நிறம் வெளுத்துவிட்டது. கறுப்புக் கோடுகள் மட்டும் அழியவில்லை. எண்ணிப் பார்த்தேன், எட்டு. வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தைச் சேர்ந்த இதற்குக் கீட்டோடான் ஆக்டோஃபேசியேட்டஸ் என்பது அறிவியல் பெயர். முதற்சொல்லுக்கு 'மயிர் போன்ற பல்', அடுத்ததற்கு 'எட்டுப் பட்டை' என்று பொருள். 1787-இல் ஜெர்மானிய மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக் இதனை விவரித்தார்.

தட்டையான உடல், சுமார் 12 செ.மீ. வளரும். முதற்கோடு கண்ணின் மீதே செல்வதால், கண் எங்கே இருக்கிறது என்று பகை மீனுக்கு எளிதில் தெரியாது. வாய் சிறியது, சற்றே கூர்ந்து நீண்டது. பற்கள் தூரிகை மயிர் போல நுண்ணியவை.

இக்குடும்பத்து மீன்களின் இளவுயிரி விந்தையானது. தலையில் எலும்புத் தகடுகளைக் கவசமாகப் பூண்டு, திறந்த கடலில் பல நாள் மிதந்து திரியும். பின்னர் பவளப்பாறையை அடைந்து, கவசத்தை இழந்து உருமாறும். எட்டுக்கோட்டு மீனின் குஞ்சுகள் மான்கொம்பு போல் கிளைத்த பவளங்களுக்கிடையே ஒளிந்து வளரும். வளர்ந்தபின் பெரும்பாலும் இணையாகவே திரியும்.

ஒரே உணவு

பவளம் கல்லன்று, 'பாலிப்' எனப்படும் சிற்றுயிர்கள் சுண்ணாம்புக் கிண்ணங்கள் கட்டிக்கொண்டு கூட்டமாக வாழும் குடியிருப்பு. எட்டுக்கோட்டு மீன் கிண்ணத்தை உடைக்காமல் பாலிப்பை மட்டும் கொத்தித் தின்னும். ஏறக்குறைய இதுவே அதன் முழு உணவு.

சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவாக மண்டபம் சென்றோம். மலையடிவாரத்தில் பிறந்த நான் அன்றுதான் கடலைக் கண்டேன். அங்கிருந்த மீன் காட்சியகத்தில் இந்த மீனை உயிரோடு பார்த்துவிடலாம் என்று தொட்டி தொட்டியாகத் தேடினேன், இல்லை. பணியாளர் ஒருவரிடம் கேட்டேன். "அது பவளத்தைத் தவிர வேற எதையும் தின்னாதும்மா. தொட்டியில விட்டா பட்டினியாக் கிடந்து செத்துரும்" என்றார். பாடநூலில் ஒரு வரியாகப் படித்தது அப்போதுதான் மனத்தில் பதிந்தது. பவளம் இல்லையேல் இந்த மீனும் இல்லை.

பவளத்திற்கு வந்த கேடு

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பாறைகள் ஏராளமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. அலையைத் தடுக்கும் பாறை போனதும் தீவின் மணலும் கரைந்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

சட்டம் கல்வெட்டுவோரைத் தடுக்கும்; வெப்பத்தைத் தடுக்காது. பவளத்தின் உடலில் வாழும் ஒற்றைச்செல் பாசிகளே அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருபவை. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அப்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடுகிறது, வெளுக்கிறது. வெப்பம் நீடித்தால் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இந்த வெளுப்பு பெருமளவில் நேர்ந்தது. 2016-இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது.

மீன் சொல்லும் செய்தி

பவளம் நலிந்தால் இந்த மீன்கள் உடனே மறைந்துவிடுவதில்லை. முதலில் இரை தேடி அதிக தூரம் அலைகின்றன, அண்டை இணைகளோடு எல்லைக்குச் சண்டையிடுகின்றன, மெலிகின்றன, பிறகு எண்ணிக்கையில் குறைகின்றன. ஆகவே பாறையின் நலத்தை அறிய, பவளந்தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களை எண்ணிப் பார்ப்பதை ஆய்வாளர் ஒரு வழியாகக் கொண்டுள்ளனர். பாறை அழிந்தால் இது மட்டுமா போகும்? அங்கே வளரும் களவாயும், விளமீனும், சிங்கி இறாலும் போகும்; அவற்றை நம்பிக் கடலுக்குச் செல்லும் மீனவர் வீட்டு அடுப்பும் அணையும்.

அடுத்த விடுமுறையில் இதையெல்லாம் என் தாயாரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "நம்ம கெணத்துல கெண்டைக்குஞ்சு வுட்டு வெக்கிறோமே, அது மாதிரியா? அது செத்து மெதந்தா அந்தத் தண்ணியக் குடிக்க மாட்டோமே" என்றார்.

நான் இத்தனை பத்திகளில் எழுதியதை எழுத்தறியாத என் தாயார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கிணற்றுக்குக் கெண்டை; கடலுக்கு எட்டுக்கோட்டு மீன். கெண்டை மிதந்தால் வேறு கிணற்றுக்குப் போகலாம். வேறு கடலுக்கு எங்கே போவது, நண்பர்களே?